கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய இடுகாடு: கேட்க ஆளில்லாத கல்லறைகளைக் கணக்கெடுப்பது எப்படி?

பொங்கல், தீபாவளி என்றால் தாம்பரம், வண்டலூர் தாண்டி கிளாம்பாக்கத்தில் போய் நின்றால்தான் ஊருக்கு பஸ். 2023 டிசம்பர் 30-ம் தேதி திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் சுமார் 88 ஏக்கரில் இருக்கிறது. திறப்பு ஏன் தள்ளித் தள்ளிப் போனது என்று அப்போது பலரும் புலம்பினார்கள். மழைநீர் வடிகால், அணுகு சாலை, கொரோனா என்று காரணங்கள் வரிசையாக வந்தன. அந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. திட்ட நிலத்தை ஒட்டி, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இருக்கின்றன. அதாவது இடுகாடு. பெயர்ப்பலகை இல்லாத, தேதி பொறிக்காத, யாரும் பூ போடாத இடுகாடு.

நாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 2,000 வருடத்துக்கும் மேலாக யாரோ படுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாது. எத்தனை பேர் என்பதும் கல்லை எண்ணிச் சொல்லும் விஷயம் இல்லை. கிளாம்பாக்கம் மட்டுமல்ல, பல்லாவரத்தில் தொடங்கி செங்கல்பட்டு, மதுராந்தகம் வரை மலையடிவாரங்களிலும் ஏரிக்கரை மேடுகளிலும் இப்படிப்பட்ட இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களின் பட்டியலைப் புரட்டினால், பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியில் கோயில்களோடு போட்டி போடும் அளவுக்கு இந்த ஈமக்காடுகளின் பெயர்கள் வரும். பட்டியலில் ஏறாதவை தனி.

<b>தரையில் என்ன தெரியும், அடியில் என்ன இருக்கும்?</b>

மேலே பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆள் தூக்க முடியாத உருண்டைப் பாறைகள் வட்டமாகக் கிடக்கும். நடுவில் சரளையும் சின்னக் கற்களும் மேடு கட்டியிருக்கும். முள்ளுச்செடி, ஆட்டுப் புழுக்கை, காலி பாட்டில். இதற்குப் பெயர் கல்வட்டம். நடு மேட்டுக்குப் பெயர் கற்குவை. தாம்பரம் பக்கம் வளர்ந்த பலர் சின்ன வயதில் இந்தக் கல் மேல் உட்கார்ந்து கதை பேசியிருப்பார்கள், கல்லறை என்று தெரியாமலே.

விஷயம் எல்லாம் அடியில்தான். குழி வெட்டி, அதில் பெரிய தாழியையோ, சுட்ட மண்ணால் செய்த ஈமப்பேழையையோ இறக்கியிருப்பார்கள். சில இடங்களில் நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே மூடுகல் போட்ட அறை இருக்கும். அது கற்பதுக்கை. இந்த வட்டாரத்தின் தனி அடையாளம் என்று ஈமப்பேழையைச் சொல்லலாம். குளியல் தொட்டி மாதிரி நீளமான மண் பெட்டி, அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்க்கலாம். கூடவே கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், சில நேரம் மணிகள். எலும்புகள் பெரும்பாலும் முழு உடலாகக் கிடைப்பதில்லை. இறந்தவரை முதலில் வேறு எங்கோ வைத்து, பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கி வந்து இங்கே அடக்கம் செய்யும் வழக்கமும் இருந்திருக்கிறது.

பாட்டி சொன்ன கதை ஒன்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வயசாகி வயசாகி, சாகாமல் சுருங்கிப்போன கிழவன் கிழவியைச் சோறு தண்ணியோடு பானைக்குள் வைத்து, பக்கத்தில் விளக்கும் ஏற்றிவிட்டு வருவார்களாம். அதனால்தான் முதுமக்கள் தாழியாம். கதை பிரமாதம். ஆனால் தாழிக்காடுகளில் கிடைக்கும் எலும்புகள் கிழவர்களுடையவை மட்டும் இல்லை. கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகை இடுகாட்டில் 2020-ல் ஒரு குழந்தையின் எலும்புக்கூடே கிடைத்தது. ஊருக்கு ஊர் வேறு பெயர்களும் உண்டு: பாண்டவர் குழி, குரங்குப் பட்டடை, வாலியர் வீடு. யார் புதைத்தது என்ற நினைவு அறுந்துபோன இடத்தில், பாண்டவரும் வாலியும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இலக்கியத்தில் இதே வழக்கம் தெளிவாகவே இருக்கிறது. புறநானூற்றின் 256-வது பாடலில் கணவனை இழந்த ஒரு பெண், தாழி வனையும் குயவனிடம், தானும் சேர்ந்து உள்ளே போகும் அளவுக்கு அகலமாகச் செய்துகொடு என்று கேட்கிறாள். மணிமேகலை, சுடுவது, வெறுமனே இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, அறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து வகையை அடுக்குகிறது. அந்தக் காலத்து ஒரே ஊரில் எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் நடந்திருக்கின்றன.

<b>இத்தனை நாள் எப்படித் தப்பித்தன?</b>

இங்கேதான் கதையின் முடிச்சு. இந்த இடுகாடுகள் பெரும்பாலும் நல்ல வயலில் இருப்பதில்லை. நெல் விளையும் நிலத்தைப் பிணத்துக்குக் கொடுக்க அன்றைக்கும் யாருக்கும் மனசு வரவில்லை போல. மலையடிவாரச் சரளை, பாறை மேடு, ஏரிக்கு மேலே தண்ணீர் ஏறாத நிலம் இவற்றில்தான் கல்வட்டங்கள் அதிகம். ஏர் ஓட்ட முடியாத மண் என்பதால் பல்லவர், சோழர், நவாப், வெள்ளைக்காரர் எல்லாரும் வந்து போகும் வரை அவை அப்படியே கிடந்தன.

இப்போது அதே நிலத்துக்குத்தான் கிராக்கி. மேடான நிலம், வெள்ளம் தேங்காது, அஸ்திவாரத்துக்கு உறுதி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பத்து நிமிடம். விவசாயி வேண்டாம் என்று விட்ட எல்லாக் காரணமும் மனை விற்பவருக்கு விளம்பர வாசகம் ஆகிவிட்டது. கல்குவாரிக்கும் அதே கதைதான். பாறை இருக்கும் இடத்தில்தான் குவாரி, பாறை இருக்கும் இடத்தில்தான் கல்வட்டம்.

இன்னொரு சங்கடம், இவை பார்க்கக் கல்லறை மாதிரியே இருக்காது. ஒரு கிராமத்துச் சுடுகாட்டில் ஜே.சி.பி. இறங்கினால் ஊரே திரண்டு வரும், சாலை மறியல் நடக்கும். இங்கே திரண்டு வர வாரிசு கிடையாது. கல்லை எடுத்துப் போனால் மேலே இருந்த ஒரே அடையாளமும் போச்சு. அடியில் பேழை அப்படியே இருக்க, மேலே வீடு வந்துவிடும். பல வருடம் கழித்து சம்ப்போ செப்டிக் டேங்கோ தோண்டும்போது, கடப்பாரை பானையில் இடிக்கும்.

<b>இதுவரை எழுதி வைத்தது யார்?</b>

நல்லவேளையாக, இந்தப் பகுதி இந்தியத் தொல்லியலுக்குப் பழைய அறிமுகம். 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அது ஈமக்காட்டுக்கும் பல லட்சம் ஆண்டு முந்தைய பழைய கற்காலத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கிய இடம் என்று பல்லாவரத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான். ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் டிராஃபிக்கில் நிற்கும் அதே பல்லாவரம்.

ஈமப்பேழைகளைப் பற்றி எழுதியவர் அலெக்சாண்டர் ரே. தென்னிந்தியாவின் தொல்பழங்கால இடுகாடுகள் பற்றிய அவரது கட்டுரை, வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் 1888-ல் வந்தது. பல்லாவரம் புதைகுழிகள் அதில் இருக்கின்றன. பின்னாளில் ஆதிச்சநல்லூரில் தோண்டியவரும் இவர்தான். 1908-09-ல் மதுராந்தகம் பக்கம் பெரும்பேரிலும் அகழாய்வு செய்தார்.

ஆனால் ஆவணப்படுத்துவது என்ற வேலைக்கு உண்மையான திருப்பம் 1949-ல் வந்தது என்று சொல்ல வேண்டும். அதுவரை ஒருவர் எழுதிய பெயரை இன்னொருவர் வேறு பொருளில் எழுதுவார். கல்வட்டத்தையும் கற்பதுக்கையையும் கற்திட்டையையும் ஒரே சொல்லால் குறிப்பார்கள். படிப்பவருக்குத் தலை சுற்றும். தொல்லியல் துறையைச் சேர்ந்த வி.டி.கிருஷ்ணசாமி, செங்கல்பட்டு, புதுக்கோட்டை, கொச்சி ஆகிய பகுதிகளில் களத்தில் பார்த்ததை வைத்து, எதற்கு எந்தப் பெயர் என்று வகைப்படுத்தி ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் எழுதினார். பெயர் ஒழுங்கானால்தான் கணக்கு ஒழுங்காகும். அவரே பிறகு திருக்கழுக்குன்றம் பக்கத்துக் குன்னத்தூரில் 1955 முதல் அகழாய்வு நடத்தினார். என்.ஆர்.பானர்ஜியும் கே.வி.சௌந்தரராஜனும் 1950, 1952-ல் மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் தோண்டினார்கள். 1955-ல் அமிர்தமங்கலத்தில் பானர்ஜி.

தோண்டியது சில குழிகளைத்தான். தோண்டாமல், ஊர் ஊராக நடந்து பட்டியல் போட்ட வேலைக்குத் தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கா.ராஜன். 1997-ல் அவரது தமிழகத் தொல்லியல் இடங்களின் விவரத் தொகுப்பு வெளிவந்தது. 2009-ல் யத்தீஸ்குமார், செல்வகுமார் ஆகியோருடன் சேர்ந்து இன்னும் பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். ஓஎம்ஆர் பக்கம் சிறுதாவூர் ஈமக்காட்டை ஆராய்ந்த ஸ்மிருதி ஹரிசரண், ஹேமா அச்யுதன் போன்றோரின் வேலை இன்னொரு வகை. புதைகுழிக்குள் என்ன கிடைத்தது என்பதோடு நிற்காமல், அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், பாறைக்கும் நீருக்கும் அதற்கும் என்ன உறவு என்று அவர்கள் கேட்டார்கள். ஒரு வட்டத்தை மட்டும் காப்பாற்றிவிட்டுச் சுற்றியுள்ள மேட்டை எல்லாம் சமப்படுத்தினால், இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

<b>தோண்டாமல் எப்படிப் பதிவு செய்வது?</b>

ஒரு கைவிடப்பட்ட இடுகாட்டை ஆவணப்படுத்த மண்வெட்டி தேவையே இல்லை. சொல்லப்போனால் மண்வெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதுதான் முதல் விதி. தோண்டுவது ஒருமுறைதான் நடக்கும். தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது.

முதல் வேலை கிராமப் பெயர், வருவாய் கிராமம், சர்வே எண். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால், பழைய அறிக்கைகளின் பெரிய பலவீனம் இங்கேதான். ‘ஊருக்கு வடக்கே அரை மைல், ஏரிக்கரைக்கு மேற்கே’ என்கிற மாதிரி குறிப்புகள் அந்தக் காலத்தில் போதுமானவை. இன்றைக்கு ஊர் நாலு பக்கமும் வீங்கிவிட்டது, ஏரி பாதியாகிவிட்டது. அரை மைலை எங்கிருந்து அளப்பது? கைபேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிழையோடு காட்டினாலும் அந்தக் குறிப்பைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்து ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எண். வட்டத்தின் விட்டம், மிச்சம் இருக்கும் கற்களின் எண்ணிக்கை, பெரிய கல்லின் அளவு, கல் உள்ளூர்ப் பாறையா வெளியிலிருந்து வந்ததா, நடு மேடு அப்படியே இருக்கிறதா, யாரோ புதையல் ஆசையில் ஏற்கெனவே தோண்டியிருக்கிறார்களா என்று எழுத வேண்டும். புகைப்படத்தில் ஓர் அளவுகோலும் வடக்குத் திசையும் இருக்க வேண்டும். அளவுகோல் இல்லாத படத்தில் பாறையும் கூழாங்கல்லும் ஒன்றுதான். இது செல்ஃபி இல்லை. கல் மேல் ஏறி நின்று எடுக்கும் படத்தால் யாருக்கும் பிரயோஜனம் கிடையாது.

பிறகு வரைபடம். வட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில், எந்த வரிசையில் இருக்கின்றன, பாதை எங்கே, ஓடை எங்கே என்பதெல்லாம் அதில் வரும். துறையினரிடம் டோட்டல் ஸ்டேஷன், ட்ரோன், தரையடி ரேடார் எல்லாம் உண்டு. முன்பு கிடைத்த கற்கள் எங்கே போயின என்பதற்குப் பழைய செயற்கைக்கோள் படங்களையும் சர்வே வரைபடத் தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். ஓர் இடம் எந்த வருடத்துக்கும் எந்த வருடத்துக்கும் நடுவில் அழிந்தது என்று அதில் பிடித்துவிடலாம்.

கடைசியாக, ஆடு மேய்ப்பவர். ஆம், அவர்தான். எந்தக் கல் எப்போது நகர்ந்தது, எங்கே பானை ஓடு அதிகம், அந்த மேட்டுக்கு ஊரில் என்ன பெயர் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கோப்பிலும் இருக்காது. மனை போட்டு மேய்ச்சல் நின்றுபோன ஊர்களில் இந்த ஆவணமும் சேர்ந்தே போய்விடும்.

<b>சட்டம் காப்பாற்றுகிறதா, கோபத்தை வளர்க்கிறதா?</b>

1958-ம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் வரை, தேசிய நினைவுச்சின்ன ஆணைய நடைமுறைப்படி அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தாஜ்மகாலுக்கு 100 மீட்டர் என்றால் யாருக்கும் புரியும். பல்லாவரத்தில் நெருக்கியடித்த தெருவில், கண்ணுக்கே தெரியாத ஒரு புதைமேட்டுக்கு 100 மீட்டர் என்றால்? வங்கிக் கடன் வாங்கி அரை கிரவுண்டு வாங்கியவர், மாடி எடுக்க முடியாது என்று தெரிந்த நாளில் முதல்முறையாகப் பெருங்கற்காலம் என்ற சொல்லைக் கேள்விப்படுகிறார். அவருக்கு அது பாரம்பரியமாகவா தெரியும்? இப்படிப்பட்ட சிக்கலில் மாட்டிய குடும்பங்களின் புகார்கள் பல்லாவரத்திலிருந்து பல வருடமாக வந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எந்த சர்வே எண்ணில், எத்தனை சதுர மீட்டரில் சின்னம் இருக்கிறது, அதில் இன்னும் என்ன மிச்சம் என்ற துல்லியமான வரைபடம், பத்திரப் பதிவுக்கு முன்பே மனை வாங்குபவர் கையில் கிடைக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் 100 மீட்டர் விதி கல்லையும் காப்பாற்றாது, மனிதரையும் காப்பாற்றாது. ஒன்றும் இல்லாத நிலம் முடங்கிக் கிடக்கும். அடுத்த ஊரில், பட்டியலில் இல்லாத நூறு வட்டத்தின் மேல் சட்டப்படியே ரோடு போடலாம்.

பட்டியலில் இருப்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. நாடு முழுக்க மத்தியப் பாதுகாப்பில் உள்ள 3,693 சின்னங்களில் 50 காணவில்லை என்று 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. அதில் 14 நகரமயத்தில் போயின. 12 அணை, நீர்த்தேக்கத்தில் மூழ்கின. மீதி 24 இருக்கும் இடமே தெரியவில்லை. காவலர் போட்டிருப்பது 248 இடங்களில் மட்டும். முள்ளுக்காட்டில் கிடக்கும் கல்வட்டத்துக்கு எப்போது முறை வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

<b>போனால் என்ன போகும்?</b>

நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, நாலு போனால் என்ன?

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல், கி.மு. 1155 என்று 2021-ல் காலம் கணிக்கப்பட்டது. ஒரே ஒரு தாழி. அதே சிவகளையின் மாதிரிகள் தமிழ்நாட்டில் இரும்பின் காலத்தை கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை கொண்டுபோவதாக 2025 ஜனவரியில் மாநில அரசு அறிக்கை வெளியிட்டது. அந்தக் கணிப்பு பற்றிய விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொந்தகைத் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் 2025-ல் இரண்டு ஆண்களின் முகங்களை உருவாக்கிக் காட்டின. பெயர் தெரியாதவருக்கு முகம் வந்தது.

எந்தத் தாழியில் நெல் இருக்கும், எதில் வெறும் மண் இருக்கும் என்று மேலே நின்று சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் எந்த நாலு போனால் பரவாயில்லை என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது.

தென் கொரியாவில் கோச்சாங், ஹ்வாசுன், காங்ஹ்வா ஆகிய மூன்று இடங்களின் கற்திட்டைகளை 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவையும் பெயர் தெரியாத மனிதர்களின் கல்லறைகள்தான். அங்கே ஒவ்வொன்றையும் எண்ணி, எண் போட்டு, பக்கத்திலேயே அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் கர்நாடகத்தின் ஹிரேபெங்கல் 2021-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பல இடங்களில் இன்றைக்கும் ஒரு நீலப் பலகை மட்டும் காவல் நிற்கிறது. சில பலகைகளில் எழுத்தே அழிந்துவிட்டது.

<b>நீங்கள் ஒன்றைப் பார்த்தால்?</b>

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிங்கோ ட்ரெக்கிங்கோ போகும்போது, புது லேஅவுட் பார்க்கப் போகும்போது, வட்டமாகக் கிடக்கும் பாறைகள் கண்ணில் படலாம். கல்லைப் புரட்ட வேண்டாம். பானை ஓட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். இருந்த இடத்தை விட்டு நகர்ந்த ஓடு, பாதி சாட்சியை இழந்த ஓடு. கைபேசியில் இருப்பிடத்தை ஆன் செய்து, ஒரு ஸ்கேலோ செருப்போ பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். கிராமப் பெயரையும், முடிந்தால் சர்வே எண்ணையும் குறியுங்கள். துல்லியமான இடத்தை ரீல்ஸில் போடாதீர்கள். புதையல் தேடுபவர்களும் ரீல்ஸ் பார்க்கிறார்கள்.

எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் மாநிலத் தொல்லியல் துறை இருக்கிறது. கோட்டை வளாகத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம். மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். உங்கள் சொந்த மனையில் தோண்டும்போதே ஏதாவது கிடைத்தால் இன்னொரு சட்டமும் உண்டு. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருள் 10 ரூபாய்க்கு மேல் போகும் என்றாலே, என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய், 140 வருடத்துக்கு மேலாகியும், அப்படியேதான் இருக்கிறது.